மீனாட்சி: பெயர் வந்த வழியும் பொருளும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பாட்டி பெயரைப் பேத்திக்கு வைக்கலாமா என்று யோசிப்பவர்கள், இந்தப் பெயரையே சுமந்துகொண்டு "அது என்ன மீன்?" என்ற கேலியைக் கேட்டு வளர்ந்தவர்கள், மதுரைக்குப் போய்வந்து பெயரைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தவர்கள் என்று பலரும் கேட்கும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றை விட்டால் ஊர்ச்சண்டையே வந்துவிடும் என்பதால் அங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

மீனாட்சி என்றால் என்ன பொருள்?

மீன் போன்ற கண்களை உடையவள். மீன, அக்ஷி என்ற இரண்டு சொற்கள் சேர்ந்து மீனாக்ஷி ஆகிறது. அக்ஷி என்றால் கண். தமிழ் வாயில் க்ஷ நுழையாது என்பதால் மீனாட்சி. பேச்சில் அதுவும் இளகி மீனாச்சி.

மீன் கண் அழகா? மீன் கடையில் பார்த்தால் வட்டமாக, வெறித்துப் பார்க்கிற மாதிரி அல்லவா இருக்கிறது?

நியாயமான சந்தேகம். பள்ளிக்கூடத்தில் மீனாட்சிகளைக் கேலி செய்கிற பையன்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் தப்பு செய்கிறார்கள். பெயரில் உவமையாக வருவது மீனின் கண் இல்லை, மீன். முழு மீனே கண்ணாக அமைந்தவள் என்பதுதான் கருத்து.

தெளிந்த, ஆழமில்லாத தண்ணீரில் சிறிய கயல் மீன் ஒன்றைப் பாருங்கள். உடல் நடுவில் பருத்து இரண்டு முனையிலும் கூர்ந்திருக்கும். முதுகு கறுப்பு, பக்கவாட்டு வெள்ளி. ஒரு கணம் அசையாமல் நிற்கும், அடுத்த கணம் சட்டென்று திரும்பும். திரும்பும்போது வெள்ளை பளிச்சென்று தெரிந்து மறையும். கருவிழி ஓரத்துக்கு ஓடும்போது வெண்விழி தெரிவதும் அப்படித்தானே. வடிவம், நிறம், ஓட்டம் மூன்றும் பொருந்துவதால்தான் தமிழ்ப் புலவர்கள் கண் என்று வந்தாலே கயல், சேல், கெண்டை என்று அடுக்கினார்கள். இரண்டு கண்ணும் இணைக்கயல். கயல்விழி, கயற்கண்ணி, சேல்விழி எல்லாம் அதே குளத்தில் பிடித்த பெயர்கள்தான்.

அம்மனுக்கு ஏன் மீன்? அழகு மட்டும்தான் காரணமா?

இல்லை. சைவ, சாக்த மரபில் இன்னொரு விளக்கம் உண்டு. மீன் முட்டையிட்டுவிட்டுப் பார்வையாலேயே குஞ்சு பொரிக்கும், ஆமை நினைப்பாலே பொரிக்கும், பறவை தொட்டு அடைகாத்துப் பொரிக்கும் என்று பழைய நூல்கள் சொல்லும். குருவின் அருளிலும் அதேபோல மூன்று வகை. நோக்கால் அருள்வது, நினைவால் அருள்வது, தொட்டு அருள்வது. மீனாட்சி நோக்கால் அருள்பவள். காஞ்சி காமாட்சியை நினைவோடும் இன்னொரு தலத்து அம்மனைத் தொடுதலோடும் சேர்த்துச் சொல்வாரும் உண்டு.

அப்புறம், மீனுக்கு இமை கிடையாது. தூங்கும்போதும் கண் திறந்தே இருக்கும். உலகத்தைக் காக்கிறவள் கண்ணை மூடக் கூடாது, அதனால் மீன் கண் என்பது கோயில்களில் சொற்பொழிவு செய்கிறவர்கள் தவறாமல் சொல்லும் விளக்கம்.

உயிரியல் பாடத்தின்படி பார்வையால் குஞ்சு பொரிக்கும் மீன் எதுவும் இல்லை. இமை இல்லாதது மட்டும் உண்மை. பெரும்பாலான மீன்களுக்கு அசையும் இமை கிடையாது. எனக்கு இரண்டாவது விளக்கம் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இது தமிழ்ப் பெயரா, வடமொழிப் பெயரா?

நேரான பதில்: பெயர் கட்டப்பட்ட முறை வடமொழி. ஆனால் அதன் முதல் பாதி தமிழ் வீட்டிலிருந்து போனது.

மீன் என்ற சொல் தமிழுக்கு மட்டும் சொந்தம் இல்லை. மலையாளம், கன்னடம், துளு, தெலுங்கு, மத்திய இந்தியாவின் கோண்டி வரை திராவிட மொழிகளில் பரவிக்கிடக்கும் சொல் அது. வடமொழிக்கென்று மீனைக் குறிக்க ஏற்கெனவே ஒரு சொல் உண்டு, மத்ஸ்ய. ரிக் வேதத்தில் வருவது அதுதான். அந்தச் சொல்லுக்குப் பாரசீகத்தில் சொந்தம் இருக்கிறது (மாஹி), இந்தியில் மச்சிலி ஆகியிருக்கிறது, நம்மிடம் மச்சம், மச்சாவதாரம் என்று வந்திருக்கிறது. மீன என்பதற்கு அந்தப் பக்கம் அப்படிச் சுற்றம் இல்லை. அதனால்தான் தாமஸ் பரோ போன்ற மொழியியலாளர்கள் அதைத் திராவிடத்திலிருந்து வடமொழி வாங்கிக்கொண்ட சொற்களில் ஒன்றாக வைத்தார்கள். ராசிகளில் மீனம் என்று சொல்கிறோமே, அதுவும் இங்கிருந்து போய் 'அம்' விகுதியோடு திரும்பி வந்த சொல்.

அக்ஷி அசல் வடமொழி. ஆகவே மீனாட்சி என்ற பெயரில் தமிழும் வடமொழியும் சரிபாதி. "சுத்த சமஸ்கிருதம்" என்று ஒதுக்குகிறவர்களும் சரி, "சுத்தத் தமிழ்" என்று கட்டிப்பிடிக்கிறவர்களும் சரி, பாதிப் பெயரைத்தான் பார்க்கிறார்கள்.

மீன் + ஆட்சி = மீனாட்சி என்கிறார்களே? மீன்கொடி பறந்த பாண்டிய நாட்டை ஆண்டவள் என்று?

கேட்க அவ்வளவு அழகாக இருக்கிறது. பாண்டியரின் கொடியில் மீன் இருந்தது உண்மை. அவர்கள் காசுகளிலும் முத்திரைகளிலும் இணைக்கயலைப் பார்க்கலாம். பாண்டியனுக்கு மீனவன் என்றே ஒரு பெயர் இலக்கியத்தில் உண்டு. மீனாட்சி ஆட்சி செய்தவள் என்பதும் புராணக் கதை. எல்லாம் பொருந்துகிறது, ஒன்றைத் தவிர.

காமாட்சியை என்ன செய்வது? விசாலாட்சியை? நாகப்பட்டினத்து நீலாயதாட்சியை? கமலாட்சி, பங்கஜாட்சி, வனஜாட்சி என்று வரிசையாக நிற்கிறார்களே. காமத்தின் ஆட்சி, விசாலத்தின் ஆட்சி என்று பிரித்தால் பொருள் ஒட்டாது. எல்லாவற்றிலும் கண் என்று வைத்தால் சிரமமே இல்லாமல் பொருள் வருகிறது: விசாலாட்சி அகன்ற கண்ணாள், நீலாயதாட்சி கருநீல நெடுங்கண்ணாள், பங்கஜாட்சி தாமரைக் கண்ணாள். ஒரே குடும்பத்துப் பெண்களில் ஒருத்திக்கு மட்டும் தனி வம்சாவளி எழுத முடியாது.

குழப்பம் வரக் காரணம் நம் எழுத்துமுறை. ஆள் என்ற வினையிலிருந்து வரும் ஆட்சி, காண் என்பதிலிருந்து வரும் காட்சி ஆகியவை அசல் தமிழ். பக்ஷி பட்சியானதும், சாக்ஷி சாட்சியானதும் கடன். எழுத்தில் இரண்டும் ஒரே முகத்தோடு நிற்கின்றன. எனவே மீன் + ஆட்சி என்பதைச் சொற்பிறப்பு என்று சொல்வதைவிட, மதுரைக்காரர்கள் தங்கள் ராணிக்குச் செய்துபோட்ட நகை என்று சொல்லலாம். நகையைக் கழற்றச் சொல்ல எனக்கு மனமில்லை. பிறவியிலேயே வந்தது என்று மட்டும் சொல்லாமல் இருந்தால் சரி.

அப்படியானால் அங்கயற்கண்ணி? அதுதான் பழைய பெயரா?

அம் + கயல் + கண் + இ. அழகிய கயல் போன்ற கண்ணை உடையவள். பொருள் அப்படியே மீனாட்சிதான், ஆனால் முழுக்கத் தமிழில்.

ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மதுரைக்கு வந்தபோது பாடிய பதிகத்தில், பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியைப் புகழ்ந்துவிட்டு "அங்கயற்கண்ணி தன்னொடும் அமர்ந்த ஆலவாய் ஆவதும் இதுவே" என்கிறார். பதிகத்தின் முதல் பாட்டிலேயே நிற்பது இந்தப் பெயர்தான். இதே காலத்துத் தேவாரத்தில் இன்னும் பல ஊர்களுக்கும் அம்மன்களுக்கும் இனிய தமிழ்ப் பெயர்கள் கிடைக்கின்றன. பிற்காலத்தில் அவற்றுக்குப் பக்கத்தில் வடமொழிப் பெயர்கள் வந்து உட்கார்ந்தன. மறைக்காடு வேதாரண்யம் ஆனது. முதுகுன்றம் விருத்தாசலம் ஆனது. நாகையின் கருந்தடங்கண்ணி நீலாயதாட்சி ஆனாள். அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் அங்கயற்கண்ணி மீனாட்சி ஆனதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. கருந்தடங்கண்ணி என்று மகளுக்குப் பெயர் வைத்தவரைக் கண்டுபிடிப்பது கடினம். அங்கயற்கண்ணி இன்றும் புழக்கத்தில் இருக்கிற பெயர். தமிழாசிரியர் வீடுகளில் அடிக்கடி கேட்கலாம்.

சிலப்பதிகாரத்தில் மீனாட்சி வருகிறாளா?

இந்தப் பெயரில் இல்லை. மதுரையை எரித்த கண்ணகியின் முன் வந்து பேசுவது மதுராபதி என்ற நகரத்துத் தெய்வம். உடலில் ஒரு பாதி கருமை, ஒரு பாதி பொன்னிறம் என்று அம்மையப்பர் சாயலில் இளங்கோ அவளை வருணிக்கிறார். இரண்டு தெய்வத்தையும் ஒன்றாக்கிப் பேசுகிறவர்கள் உண்டு. பெயர் ஆராய்ச்சிக்கு அது உதவாது.

மீன் என்றால் நட்சத்திரம் என்றும் பொருள் உண்டே. "நட்சத்திரக் கண்ணி" என்று சொல்லலாமா?

உங்கள் மகளுக்கு நீங்கள் சொல்லிக்கொள்ளலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. தமிழில் விண்மீன், வடமீன் (அருந்ததி), அறுமீன் (கார்த்திகை) என்று வானத்து மீன்கள் நிறைய. மின்னுவதால் மீன் என்று தமிழறிஞர்கள் பலர் வேர் சொல்வார்கள். தண்ணீரில் மின்னுவதும் வானத்தில் மின்னுவதும் ஒரே சொல்லுக்குள் வந்த அழகு அது.

இந்த இரட்டைப் பொருள் சிந்துவெளி வரை போயிருக்கிறது. முத்திரைகளில் அடிக்கடி வரும் மீன் குறியைத் திராவிட 'மீன்' என்று படித்து, அது நட்சத்திரத்தையும் குறிக்கலாம் என்று முதலில் சொன்னவர் பம்பாயில் இருந்த ஹீராஸ் பாதிரியார். பின்னால் பின்லாந்து அறிஞர் அஸ்கோ பர்ப்போலா அதை விரிவாக வளர்த்தெடுத்தார். சிந்துவெளி எழுத்தை எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி இன்னும் யாரும் படிக்கவில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மீனாட்சி என்ற பெயரைப் பொறுத்தவரை நட்சத்திரத்துக்கு இடமில்லை. கயற்கண்ணி என்ற தமிழ்ப் பெயர் பக்கத்திலேயே நின்று எந்த மீன் என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது.

தடாதகை யார்? அவளும் மீனாட்சியும் ஒருவரா?

ஆம். மீனாட்சியின் இளவரசிப் பெயர் தடாதகை. திருவிளையாடற் புராணக் கதை இப்படிப் போகிறது. மலயத்துவச பாண்டியனுக்கும் காஞ்சனமாலைக்கும் பிள்ளை இல்லை. மகன் வேண்டி வேள்வி செய்கிறான். நெருப்பிலிருந்து மூன்று வயதுப் பெண் குழந்தை வந்து நிற்கிறது. அதற்கு மார்பகம் மூன்று. கலங்கி நிற்கும் அரசனிடம், இவளை ஆண் மகனைப் போலவே வளர்த்து முடிசூட்டு, இவளுக்கு உரியவன் எதிரில் வரும்போது ஒன்று மறையும் என்று வானில் குரல் கேட்கிறது. வாளும் வில்லும் குதிரையும் பழகி, தந்தைக்குப் பின் முடிசூடி, எட்டுத் திசைக் காவலர்களையும் வென்று கயிலைக்குப் படையோடு போகிறாள். அங்கே சிவனைப் பார்த்ததும் அந்த ஒன்று மறைகிறது. பின்பு மதுரையில் கல்யாணம்.

மகன் கேட்ட இடத்தில் மகள் வந்தாள், அவளுக்கே பட்டமும் கிடைத்தது என்பது இந்தக் கதையின் உயிர். கல்யாணத்தை மட்டும் பிடித்துக்கொண்டு படையெடுப்பை ஒரே வரியில் தாண்டுகிறவர்கள் பெயரில் பாதியைத் தொலைக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். மதுரை அப்படித் தாண்டுவதில்லை. சித்திரைத் திருவிழாவில் எட்டாம் நாள் பட்டாபிஷேகம்: அம்மனுக்கு ராயர் கிரீடம் சூட்டி, பாண்டியரின் வேப்பம்பூ மாலை அணிவித்து, கையில் செங்கோல் கொடுப்பார்கள். ஒன்பதாம் நாள் திக்குவிஜயம், வீதியில் போர் நடக்கும். பத்தாம் நாள்தான் திருக்கல்யாணம். முதலில் நாடு, பிறகு போர், கடைசியில் மாப்பிள்ளை. சித்திரையிலிருந்து நான்கு மாதம் மதுரையில் மீனாட்சி ஆட்சி, ஆவணியில் சொக்கருக்குப் பட்டம் கட்டியபின் எட்டு மாதம் அவர் ஆட்சி என்பது அங்கே கணக்கு. எட்டு மாதம் அவருக்குப் போனாலும் கோயிலுக்குள் நுழைந்ததும் முதல் கும்பிடு அம்மனுக்குத்தான்.

தென்னாட்டில் ஒரு பெண் ஆண்ட நாடு உண்டு என்ற செய்தி கிரேக்கர்கள் காதுக்கும் போயிருக்கிறது. ஹெராக்ளீசுக்குப் பாண்டையா என்று ஒரு மகள் இருந்ததாகவும், அவளுக்கு ஒரு நாட்டையே கொடுத்ததாகவும் மெகஸ்தனிஸ் சொன்னதை அரியன் எழுதிவைத்திருக்கிறார். அதைத் தடாதகை கதையோடு இணைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. பாண்டிய நாட்டின் பெயர் அதில் ஒலிப்பது தெளிவு, அதற்கு மேல் இழுத்தால் கயிறு அறுந்துவிடும்.

"உங்க வீட்டில் மதுரையா, சிதம்பரமா?" என்று கேட்பது இதனால்தானா?

இதனால்தான். மதுரை என்றால் வீட்டம்மா ராஜ்ஜியம், சிதம்பரம் என்றால் ஐயா ராஜ்ஜியம். மீனாட்சி என்று பெயர் இருக்கிற மருமகள் வந்தால் கல்யாணப் பந்தலிலேயே இந்த நகைச்சுவை ஒருமுறை நடந்துவிடும். தயாராக இருங்கள்.

கோயிலுக்கு வெளியே, வரலாற்றில் மீனாட்சிகள் உண்டா?

முதலில் நினைவுக்கு வருவது மதுரை நாயக்கர் வம்சத்தின் கடைசி ஆட்சியாளரான ராணி மீனாட்சி. விஜயரங்க சொக்கநாத நாயக்கரின் மனைவி. கணவர் வாரிசில்லாமல் இறந்தபின் 1730களில் திருச்சிராப்பள்ளியிலிருந்து ஆண்டாள். உள்ளே பங்காரு திருமலையின் உரிமைப் போட்டி, வெளியே ஆர்க்காட்டுப் படை. காப்பாற்றுவதாகச் சத்தியம் செய்து கோட்டைக்குள் வந்த சந்தா சாகிப் அவளையே சிறைவைத்தான். அவள் நஞ்சருந்தி இறந்தாள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் முடிவு. அதே வம்சத்து ராணி மங்கம்மாளுக்குச் சாலையும் சத்திரமும் பெயரைக் காப்பாற்றிக் கொடுத்தன. மீனாட்சிக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை.

அடுத்து சி. மீனாட்சி (1905–1940). பல்லவர் ஆட்சிமுறையையும் சமூக வாழ்வையும் ஆராய்ந்து 1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அந்தப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான். முப்பத்தைந்து வயதைத் தாண்டவில்லை. பல்லவர் வரலாறு படிக்கிறவர்கள் இன்றும் அவர் நூலைத் தொடாமல் போக முடியாது.

கேரளத்தில் வடகரையின் மீனாட்சியம்மா, எழுபது வயதுக்கு மேலும் களரியில் வாளும் உருமி என்ற நெளிவாளும் சுழற்றி 2017இல் பத்மஸ்ரீ வாங்கியவர். தடாதகை பெயருக்கு இதைவிடப் பொருத்தமானவர் யார்?

ஆண்களுக்கும் இந்தப் பெயர் இருக்கிறதே?

மீனாட்சிசுந்தரம் என்று, அம்மன் பெயரும் சுவாமி பெயரும் சேர்த்து. அதில் மனைவி பெயர் முன்னால் நிற்பதைக் கவனியுங்கள், மதுரை வழக்கம் அங்கும் மாறவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) உ.வே. சாமிநாதையரின் ஆசிரியர். வேங்கடராமன் என்ற பெயரோடு படிக்க வந்த மாணவரை, வீட்டில் கூப்பிடும் சாமிநாதன் என்ற பெயராலேயே அழைக்கத் தொடங்கி அதை நிலைக்க வைத்தவர் அவர்தான். மதுரைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் தெ.பொ. மீனாட்சிசுந்தரனார், தமிழ்நாடு முழுக்க தெ.பொ.மீ. என்றே அறியப்பட்டவர். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பெரிய நட்டுவனார். மீனாட்சிநாதன் என்றும் உண்டு. பேச்சில் இவர்கள் எல்லோரையும் "மீனாட்சி" என்று சுருக்கிக் கூப்பிடுவதும் உண்டு. ஆண் பிள்ளைகள் அதற்குக் கோபப்படுவதில்லை, பழகிவிடுகிறது.

மீனா என்பது மீனாட்சியின் சுருக்கமா?

தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஆம். மீனா, மீனு, மீனம்மா எல்லாம் வீட்டுப் பெயர்கள். செட்டிநாட்டுப் பக்கம் மீனாள் என்று அழகாகச் சொல்வார்கள். பாட்டி மீனாட்சி ஆச்சியின் பெயர் பேத்திக்கு வரும்போது, மாமியாரின் பெயரைச் சொல்லி அதட்ட மருமகளுக்குத் தயக்கம் இருக்காதா? அதற்கு மீனா, மீனாள் நல்ல வழி.

வடக்கே மீனா என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பாரசீகத்தில் மீனா என்பது நீல வண்ணப் பூச்சையும் கண்ணாடியையும் குறிக்கும் சொல். நகையில் வண்ணம் ஏற்றும் மீனாகாரி வேலை அதிலிருந்து வந்தது. ராஜஸ்தானில் மீனா என்பது ஒரு பெரிய சமூகத்தின் பெயர், அங்கே ஆண்களின் பெயருக்குப் பின்னாலும் வரும்.

மீன ராசியில் பிறந்த பெண்ணுக்குத்தான் வைக்க வேண்டுமா?

இல்லை. வேடிக்கை என்னவென்றால், நட்சத்திரத்துக்கு எழுத்து பார்த்துப் பெயர் வைக்கும் பட்டியலில் 'மீ' மகத்துக்கு உரியது. மகம் சிம்ம ராசி. ஆகவே எழுத்து பார்க்கிறவர்களுக்கு மீனாட்சி சிங்கத்தின் பெயர். எண்கணிதக்காரர்கள் ஆங்கில எழுத்தைக் கூட்டுகிறார்கள். ஆங்கிலத்தில் இந்தப் பெயரை நான்கைந்து விதமாக எழுதலாம் என்பதால், பிடித்த எண் வரும்வரை கூட்டிக்கொண்டே போகலாம்.

மீனாட்சி வேண்டாம், பொருள் மட்டும் வேண்டும் என்றால் வேறு பெயர்கள்?

கயல்விழி, கயல், கயற்கண்ணி, அங்கயற்கண்ணி. 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்துக்குப் பின்னால் இப்படிப் பெயரைத் தமிழாக்கிக்கொள்வது பரவியது. வேதாசலம் மறைமலை ஆனதுபோல மீனாட்சி கயல்விழி ஆகலாம், பொருளில் ஒரு குண்டுமணி குறையாது. வெறும் 'கயல்' என்று வைத்தால் கண் போய் மீன் மட்டும் மிஞ்சும். ஓசை நன்றாக இருப்பதால் யாரும் கவலைப்படுவதில்லை.

அம்மனின் மற்ற பெயர்களையும் எடுத்துக்கொள்ளலாம். மரகதவல்லி, அவளுடைய பச்சை நிறத்தால் வந்த பெயர். தடாதகை இன்னும் யாரும் அதிகம் தொடாத பெயர். துணிச்சல் உள்ளவர்கள் முயன்று பார்க்கலாம். மீனலோசனி என்றால் இதே பொருள்தான், வடமொழியில். முத்துசாமி தீட்சிதரின் "மீனாக்ஷி மே முதம் தேஹி" என்ற கிருதியில் அது வருகிறது. 1835 தீபாவளி நாளில் எட்டயபுரத்தில் அவர் உயிர் பிரிந்தபோது சீடர்கள் பாடிக்கொண்டிருந்தது "மீனலோசனி பாசமோசனி" என்ற அந்த இடம்தான் என்று சங்கீத உலகம் சொல்லிவருகிறது.

தமிழ்நாட்டுக்கு வெளியே இந்தப் பெயர் உண்டா?

தாராளமாக. கேரளம், கர்நாடகம், ஆந்திரம், மகாராஷ்டிரம், வங்காளம் எங்கும் மீனாக்ஷி இருக்கிறாள். வங்காளத்தின் மீனாட்சி முகர்ஜி இந்திய ஆங்கில நாவல்களைப் பற்றி எழுதிய பெரிய விமர்சகர். கோட்டயம் பக்கத்து மீனச்சில் ஆற்றுக்கு மீனாட்சியால் பெயர் வந்ததாக அங்கே சொல்வார்கள். அமெரிக்காவில் ஹூஸ்டனுக்குத் தெற்கே பேர்லாண்டில் மீனாட்சிக்குப் பெரிய கோயில் எழுந்திருக்கிறது. அங்கே பிறக்கும் குழந்தைகளுக்கு மீனாட்சி என்று பெயர் வைத்தால் வகுப்பாசிரியர் எப்படிக் கூப்பிடுவார் என்பது தனிக் கவலை. மீனா கைகொடுக்கும்.

எப்படி எழுதுவது? மீனாட்சியா, மீனாக்ஷியா? ஆங்கிலத்தில்?

தமிழில் மீனாட்சி போதும். மூலத்தின் ஒலி வேண்டும் என்பவர்கள் மீனாக்ஷி என்று எழுதுகிறார்கள், அதுவும் தப்பில்லை. பழைய தமிழ் மரபு க்ஷவைக் க்க ஆக்கும்: பக்ஷம் பக்கம், லக்ஷம் இலக்கம், தக்ஷன் தக்கன். அந்தக் கணக்குப்படி இவள் மீனாக்கி ஆகியிருக்க வேண்டும். நல்லவேளை, ட்ச வந்து காப்பாற்றியது.

ஆங்கிலத்தில்தான் தொல்லை. முதலில் 'எம்'முக்குப் பிறகு இரண்டு 'ஈ' போடுவதா, ஒரு 'ஐ' போடுவதா? பின்பாதியில் வடமொழி ஒலிப்படி 'கே எஸ் எச் ஐ'யா, தமிழ் ஒலிப்படி 'டி சி எச் ஐ'யா? நான்குமே புழக்கத்தில் உள்ளவை, நான்கும் சரி. தமிழ் வாயில் வருகிறபடி எழுதினால் 'டி சி எச் ஐ' பொருத்தம். வெளிமாநிலத்தார் உச்சரிக்கச் சிரமப்படுவார்கள். 'கே எஸ் எச் ஐ' எங்கும் பழக்கமானது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் பிறப்புச் சான்றிதழில் எழுதியதையே ஆதார், பள்ளிச் சான்றிதழ், பாஸ்போர்ட் மூன்றிலும் எழுத்து மாறாமல் எழுதுங்கள். பாட்டி காலத்தில் குடும்ப அட்டையில் ஒரு மாதிரியும் பத்திரத்தில் ஒரு மாதிரியும் இருந்து சமாளித்துவிட்டார்கள். இப்போது ஒரே ஒரு எழுத்து மாறினாலும் பெயர் பொருந்தவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வரும்.